முள் சொல்வது மெய்யா? காரின் மின்கோளாறுகளையும் டேஷ்போர்டு மீட்டர்களையும் படிப்படியாகச் சோதிக்கும் முறை

முகப்பு விளக்கைப் போட்டால் என்ஜின் சூடாகுமா? என் பழைய காரில் அப்படித்தான் தெரிந்தது. பகலில் வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். மாலையில் விளக்கைப் போட்டதும் மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டை நெருங்கும். சென்சாரை மாற்றினேன், பிறகு குளிர்நீரின் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். எந்த மாற்றமும் இல்லை. டேங்கில் எரிபொருள் பாதியாகக் குறைந்திருந்த ஒரு மாலையில்தான் கவனித்தேன்: விளக்கைப் போட்டதும் எரிபொருள் முள்ளும் கூடவே ஏறியது. அதுவரை டேங்கை நிரப்பி நிரப்பி ஓட்டியதால், அந்த முள் ஏற இடமில்லாமல் உச்சியிலேயே நின்றிருக்கிறது.

இரண்டு முள்ளும் சேர்ந்து ஆடினால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும். மீட்டர் தொகுப்பின் எர்த் ஒயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் முடிகிறது. அதன் அடியில் துரு ஏறியிருந்தது. விளக்கு எரியும்போது அந்த எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.9 வோல்ட். சுரண்டி இறுக்கியதும் இரண்டு முள்ளும் அடங்கின. கழற்றி வைத்த சென்சாரும் தெர்மோஸ்டாட்டும் நல்ல நிலையில் இருந்தவை.

காரின் மின்கோளாறுகளில் பெரும்பகுதி பாகத்தில் இருப்பதில்லை, பாகத்துக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் இருக்கிறது. அந்த வழியை அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள் என்பதைத்தான் இந்த வழிகாட்டி முழுவதும் சொல்லப்போகிறேன்.

போகும் வழி, திரும்பும் வழி

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து மின்சாரம் ஃபியூஸ், சுவிட்ச், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாக விளக்குக்கோ மோட்டாருக்கோ போகிறது. வேலை செய்துவிட்டு, காரின் உலோக உடல் வழியாக நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. திரும்பும் இந்தப் பாதையைத்தான் எர்த் என்கிறோம். வீட்டு மின்சாரத்தில் பழகியவர்கள் எர்த் என்றால் பாதுகாப்புக்கான உபரி ஒயர் என்று நினைப்பார்கள். காரில் அது பாதையின் சரிபாதி.

கோளாறு மூன்று வகைதான். பாதை அறுந்திருக்கலாம், அப்போது எதுவும் வேலை செய்யாது, ஃபியூஸும் போகாது. போகும் ஒயர் வழியிலேயே உடலைத் தொட்டிருக்கலாம். அது ஷார்ட், ஃபியூஸ் போகும். மூன்றாவது, பாதை அறுபடாமல் நெரிசலாகியிருக்கலாம்: களிம்பு ஏறிய கனெக்டர், தளர்ந்த போல்ட், இழைகள் பாதி அறுந்த ஒயர். விளக்கு மங்கும், மோட்டார் சோம்பும், முள் பொய் சொல்லும். ஆளை அலைக்கழிப்பது இந்த மூன்றாவது வகைதான். இதில் எல்லாமே ஓரளவு வேலை செய்துகொண்டிருக்கும்.

கையில் என்ன வேண்டும், எதைத் தொடக்கூடாது

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். ஒரு 12 வோல்ட், 21 வாட் பல்பில் இரண்டு ஒயரைச் சேர்த்துச் செய்த சோதனை விளக்கு. நீளமான ஒரு ஒயர், அதன் இரு முனைகளிலும் கிளிப். உங்கள் கார் மாடலுக்கான வயரிங் வரைபடம். கார் ஓரளவு புதியது என்றால், காரின் கணினி சொல்வதைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று. அளவுக்கு மேல் கருவி வாங்குவதைவிட வரைபடத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பது பயன் தரும்.

எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் எதையும் தாண்டிப் போகாதீர்கள். மோதிரம், உலோக வாட்ச் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். அப்போதுதான் ஸ்பேனர் தவறி உடலைத் தொட்டாலும் தீப்பொறி பறக்காது. மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றில் மல்டிமீட்டரை வைக்காதீர்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்தைச் சுமப்பவை. பயிற்சி இல்லாமல் நெருங்கவே வேண்டாம். என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பது ஒரு பழைய பழக்கம். அது ஆல்டர்னேட்டரின் (என்ஜின் சுழற்றும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) மின்னழுத்தத்தை ஒரு கணத்தில் எகிறவைத்துக் கணினிப் பெட்டிகளைக் கருக்கிவிடும். சோதனை விளக்கைக் கணினிப் பெட்டியின் ஒயர்களில் பயன்படுத்தாதீர்கள். அங்கே மல்டிமீட்டர் மட்டும்தான்.

மல்டிமீட்டரைப் பற்றி இரண்டு சொல். ஓம், அதாவது மின்தடை, அளக்கும்போது அந்தச் சுற்றில் மின்சாரம் இருக்கக்கூடாது. சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகியபடி மறந்துவிட்டு வோல்ட் அளக்கப் போனால், அது பேட்டரியை நேரடியாக ஷார்ட் செய்வதற்குச் சமம். ஆம்பியர் அளந்து முடித்த கையோடு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் படி: பேட்டரியும் ஆல்டர்னேட்டரும்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் மற்ற அளவீடுகள் எல்லாம் வீண். இன்றைய கார்களில் மின்னழுத்தம் குறைந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கும்.

காரை ஓட்டி நிறுத்தியிருந்தால் முகப்பு விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணையுங்கள். சில நிமிடங்கள் கழித்துப் பேட்டரியின் ஈய முனைகளிலேயே மல்டிமீட்டரை வையுங்கள். அவற்றைப் பிடித்திருக்கும் கேபிள் கிளாம்பில் வைக்க வேண்டாம். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி வாருங்கள்.

அடுத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் மீது சந்தேகம் கொள்ளலாம். என்ஜின் ஓடத் தொடங்கியதும் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். முகப்பு விளக்கு, ஹீட்டர் ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டாலும் 13.5 அளவில் நிலைக்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் கணினியே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைக்கும். அங்கே அளவு சற்று ஏறி இறங்குவது இயல்பு.

அதே நிலையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி ஒருமுறை அளந்துவிடுங்கள். அரை வோல்ட்டை எட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) ஒன்று போயிருக்கக்கூடும். இரவில் பேட்டரி தானாக இறங்குவதற்கும், ரேடியோவில் என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரத்துக்கும் அது காரணமாக இருக்கலாம்.

இரண்டாம் படி: அறிகுறியை முழுதாகக் கேளுங்கள்

என் மூன்று வாரத்தை விழுங்கியது இந்தப் படியைத் தாண்டிப் போனதுதான். கருவியை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எது வேலை செய்யவில்லை, அதோடு சேர்ந்து வேறெது ஆடுகிறது, எப்போது, எதைப் போட்டால், எதை அணைத்தால். பிறகு வரைபடத்தை விரித்து, கெட்டவை எல்லாம் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று விரலால் தடம் பாருங்கள். ஒரே ஃபியூஸா? ஒரே எர்த் போல்ட்டா? ஒரே கனெக்டரா?

வலது இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மின்னுகிறது என்றால், அந்த விளக்குத் தொகுப்பின் எர்த் அறுந்திருக்கிறது. திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக மின்னினால் ஒரு பல்பு போயிருக்கும். ஒரு கதவில் ஜன்னலும் பூட்டும் ஸ்பீக்கரும் ஒன்றாக நின்றுபோனால், கதவுக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயை உரித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்த ஒயர்கள் அங்கேதான் முறியும்.

மூன்றாம் படி: ஃபியூஸும் ரிலேயும்

ஃபியூஸைப் பிடுங்கிக் கண்ணால் பார்ப்பதைவிட, அதன் தலையில் தெரியும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகளிலும் வோல்ட் அளப்பது சிறந்தது. சுற்றைப் போட்டுவிட்டு, கருப்பு முனையை எர்த்தில் வைத்து அளந்தால் இரண்டு புள்ளியிலும் 12 வோல்ட் வர வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டிலும் வராவிட்டால் ஃபியூஸுக்கு முன்னாலேயே பாதை நின்றுவிட்டது.

மாற்றும்போது அதே அளவு: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. பெரிய ஃபியூஸ் போட்டால் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. பெரியது போட்டால் அடுத்து உருகுவது ஒயர்தான், அது கம்பளத்துக்கு அடியில் உருகும்.

ஃபியூஸ் போட்டதும் போய்க்கொண்டே இருந்தால், ஃபியூஸ்களைப் பலிகொடுக்காமல் அதன் இடத்தில் 21 வாட் சோதனை விளக்கை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை விளக்கு பளிச்சென்று எரியும். ஓட்டம் 2 ஆம்பியரைத் தாண்டாது என்பதால் ஒயருக்கு ஆபத்தில்லை. இனி அந்தச் சுற்றின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், ஒயர்க் கட்டை ஆங்காங்கே அசைத்துப் பாருங்கள். எதைத் தொடும்போது விளக்கு மங்குகிறதோ, அல்லது அணைகிறதோ, அங்கே இருக்கிறது கோளாறு.

ரிலேயில் 85, 86 என்ற முனைகள் சுருளுக்கு. 30ல் மின்சாரம் வருகிறது, 87ல் வெளியேறுகிறது. சுருளின் மின்தடை பொதுவாக 50 முதல் 120 ஓம் வரை இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ என்ற ஓசை கேட்கும். ஆனால் அந்த ஓசை சுருள் நலமாக இருப்பதைத்தான் சொல்கிறது, தொடுமுனைகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சுமை ஓடும்போது 30க்கும் 87க்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்; அதிகம் என்றால் உள்ளே கருகியிருக்கிறது.

நான்காம் படி: வோல்ட்டேஜ் டிராப்

வோல்ட்டேஜ் டிராப் என்பது வழியில் தொலையும் மின்னழுத்தம். அதை அளக்கும் இந்த ஒரு சோதனையை மட்டும் கற்றுக்கொண்டு மற்றதையெல்லாம் மறந்தாலும் நீங்கள் பாதிக் கோளாறுகளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆகவே இங்கே நிதானமாக நிற்போம்.

விளக்கு எரியவில்லை. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைக்கிறீர்கள், 12.4 வோல்ட் காட்டுகிறது. மின்சாரம் வருகிறது, ஆகவே விளக்குதான் கெட்டது என்று முடிவு செய்கிறீர்கள். இந்த முடிவு தவறாக இருக்கலாம். டிஜிட்டல் மல்டிமீட்டர் ஏறக்குறைய 10 மெகாஓம் மின்தடை கொண்டது. அது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒரே இழை தொங்கினாலும் அதற்கு 12.4 தெரியும். 55 வாட் விளக்குக்கோ நாலரை ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஒரு வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது வேறு, வயலுக்குப் பாய்கிறதா என்று பார்ப்பது வேறு. ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

செய்யும் முறை இது. கனெக்டரைக் கழற்றாதீர்கள். விளக்கைப் போடுங்கள், அது மங்கலாக எரியட்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள்.

1. பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 12.4 என்று வைத்துக்கொள்வோம்.
2. கனெக்டரின் பின்புறமாக ஊசி முனையை நுழைத்து விளக்கின் இரு முனைகளுக்கு இடையே அளங்கள். 10.1 வருகிறது. ஆக, 2.3 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது.
3. சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கருப்பு முனையை விளக்கின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். போகும் வழியில் தொலைவது தெரியும். 0.3 வந்தால் குற்றமில்லை. ஃபியூஸ், சுவிட்ச், ரிலே எல்லாம் சேர்ந்து 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.
4. சிவப்பு முனையை விளக்கின் எர்த் முனையிலும் கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 2.0 வருகிறது. 0.2க்கு மேல் வரக்கூடாத இடம் இது. குற்றவாளி எர்த்.

கூட்டிப் பாருங்கள்: 0.3, 10.1, 2.0 மூன்றும் சேர்ந்தால் 12.4. கணக்கு எப்போதும் இப்படிச் சரியாக வரும். வராவிட்டால் நீங்கள் அளந்த இடத்தில் தவறு. இந்த இழப்பில் ஹாலஜன் விளக்கின் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். மின்னழுத்தம் சிறிது குறைந்தாலே ஒளி பெருமளவு குறைவது இழை விளக்குகளின் இயல்பு.

இனி எர்த் வழியில் கருப்பு முனையைப் பேட்டரியிலேயே விட்டுவிட்டு, சிவப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் 2.0 சட்டென்று 0.1 ஆகிறதோ, அதைத்தான் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பச்சைக் களிம்போ பெயிண்ட் படலமோ இருக்கும்.

ஸ்டார்ட்டரில் இதே சோதனை இன்னும் கூர்மையானது. அங்கே ஓடுவது 200 ஆம்பியர் அளவு; 0.01 ஓம் என்ற, சாதாரண மல்டிமீட்டர் காட்டவே முடியாத மின்தடைகூட 2 வோல்ட்டைத் தின்றுவிடும். ஓம் அளந்து கேபிள் நன்றாக இருக்கிறது என்று சொல்வது அதனால்தான் செல்லாது. என்ஜின் பற்றிக்கொள்ளாதபடி எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை என்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்துச் சுழற்றுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் என்ஜினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். அது முழுதாக அறுந்த கார்களில் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாவதும் இறுகிப்போவதும் அதன் அடையாளம்.

நிறுத்திய காரில் பேட்டரி இறங்குகிறதா

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை ஆம்பியரில் வையுங்கள். சாவியைத் திருப்பக்கூடாது. கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியது போலக் காரை நம்பவையுங்கள். கணினிப் பெட்டிகள் உறங்கப்போக அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், காத்திருங்கள். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நலம். 500 என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணிப் பேட்டரி நான்கு நாள் தாங்காது.

எந்தச் சுற்று குடிக்கிறது என்று பார்க்க ஃபியூஸ்களைப் பிடுங்கினால், மறுபடி செருகும்போது உறங்கிய பெட்டிகள் விழித்துக்கொள்ளும். அதைவிட, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் உள்ள இரு புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளந்து செல்லுங்கள். உறங்கும் காரில் எந்த ஃபியூஸ் தெளிவாக மில்லிவோல்ட் காட்டுகிறதோ, அதன் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

டேஷ்போர்டு முட்கள்: முதலில் வகையை அறியுங்கள்

மூன்று தலைமுறை உண்டு. சாவியைத் திருப்பியதும் முள் பல நொடிகள் எடுத்து மெல்ல ஏறினால், உள்ளே சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு இருக்கிறது. சட்டென்று தாவி நின்றால் காந்தச் சுருள் வகை. சாவியைத் திருப்பியதும் ஒரு முறை துள்ளியோ முழு வட்டம் போய்த் திரும்பியோ நின்றால், பெரும்பாலும் கணினியின் சொல்கேட்டு நடக்கும் ஸ்டெப்பர் மோட்டார். முதல் இரண்டு வகையிலும் முள், ஒரு மின்தடை மாறுவதைத்தான் காட்டுகிறது. மூன்றாவதில் முள்ளுக்கு வருவது தகவல். சோதிக்கும் முறை அடியோடு வேறு.

வகை எதுவானாலும் ஒரு கேள்வி முந்தியது: முள் உண்மையைச் சொல்கிறதோ? வெப்ப முள் சிவப்பில் நின்றால், காரை நிறுத்தி, என்ஜின் ஆறியபின் குளிர்நீரின் அளவைப் பாருங்கள். தெர்மோஸ்டாட் உறையின் மேல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டி அளங்கள். மின்கோளாறு என்று முடிவுகட்டி ஓட்டிச் சென்று சிலிண்டர் ஹெட் வளைந்தவர்கள் உண்டு. இதன் மறுபக்கமும் ஆபத்தானது: குளிர்நீர் வெகுவாகக் குறைந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், என்ஜின் கொதிக்கும்போது முள் குளிர்ச்சி காட்டும்.

எரிபொருள் முள்

டேங்குக்குள் மிதவை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் நகர்கிறது. அளவுகள் காருக்குக் கார் வேறு. காலியில் 240 ஓம், நிறைவில் 33 ஓம் என்பது ஒரு வகை. காலியில் 10, நிறைவில் 180 என்று தலைகீழாக ஏறும் வகையும் உண்டு. உங்கள் காரின் அளவைச் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

டேங்க் யூனிட்டின் கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். நிறைவில் மின்தடை குறையும் வகையில் முள் காலிக்கு இறங்க வேண்டும். மற்ற வகையில் உச்சிக்கு ஏறும். இப்போது கழற்றிய ஒயரை எர்த்தோடு சேர்த்தால் முள் எதிர்முனைக்குப் போக வேண்டும். நேரடியாகச் சேர்க்காதீர்கள். இரட்டை உலோகத் தகடு வகையில் ஓட்டம் மிகுந்து உள்ளிருக்கும் சுருள் கருகலாம். அளவுகளில் சிறியது எதுவோ அந்த ஓம் உள்ள, 2 வாட் தாங்கும் ஒரு ரெசிஸ்டரை நடுவே வையுங்கள். ரெசிஸ்டர் வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: காலி, பாதி, நிறைவு மூன்றுக்கும் உரிய மூன்று ரெசிஸ்டர்களை மாற்றி மாற்றி வைத்தால் முள் மூன்று இடத்திலும் சரியாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நின்றால் முள்ளும் ஒயரும் நலம், கோளாறு டேங்குக்குள். நிற்காவிட்டால் மிதவையை விட்டுவிட்டு டேஷ்போர்டு பக்கம் திரும்புங்கள்.

டேங்க் யூனிட்டைக் கையில் எடுத்துச் சோதிக்கும் நிலை வந்தால், காற்றோட்டமான இடத்தில், பேட்டரியைக் கழற்றிவிட்டு, அருகில் தீயோ தீப்பொறியோ இல்லாமல் செய்யுங்கள். வெளியே எடுத்தபின் மல்டிமீட்டரை ஓமில் வைத்து, மிதவையை அடியிலிருந்து உச்சிவரை மெதுவாக உயர்த்துங்கள். எண்கள் படிப்படியாக மாற வேண்டும், நடுவில் எங்கும் எல்லையைத் தாண்டித் தாவக்கூடாது. முள் வைத்த பழைய மீட்டர் இருந்தால் அது இந்தத் தாவலை டிஜிட்டலைவிட நன்றாகக் காட்டும். மிதவையைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் சலசலத்தால் அது ஓட்டையாகி மூழ்கியிருக்கிறது.

டேங்கை நிரப்பியும் முள் முக்காலுக்கு மேல் ஏறவில்லை என்ற புகார் மிகச் சாதாரணம். நிறைவில் 33 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் எர்த் களிம்பு 30 ஓம் சேர்த்துவிட்டால் முள்ளுக்குத் தெரிவது 63. காலியில் அதே 30 சேர்ந்தாலும் 240க்கும் 270க்கும் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆகவே நிறைவில் மட்டும் குறைத்துக் காட்டும் முள்ளைக் கண்டால், முதலில் டேங்க் யூனிட்டின் எர்த் ஒயரைச் சுத்தம் செய்யுங்கள்.

வெப்ப முள்ளும் வோல்ட்டேஜ் சீராக்கியும்

வெப்ப சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். ஒற்றை ஒயர் சென்சார் என்றால் எரிபொருள் முள்ளுக்குச் செய்த அதே சோதனைதான்: கழற்றினால் குளிர்ச்சி, ரெசிஸ்டர் வழியாக எர்த் செய்தால் சூடு. சென்சாரைச் சோதிக்க அதை ஒரு பாத்திர நீரில் வைத்து, வெப்பமானியோடு சேர்த்துச் சூடாக்கி அளக்கலாம். எரிபொருள் ஊசிகளைக் கட்டுப்படுத்தும் கணினிக்குப் போகும் இரட்டை ஒயர் சென்சார்கள் பலவற்றில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு இருக்கும். முள்ளுக்கு நேராகப் போகும் பழைய சென்சார்களின் அளவு இதைவிட மிகக் குறைவு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரட்டை உலோகத் தகடு வகைக் கார்களில் எரிபொருள் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் பொதுவாக ஒரு சீராக்கி உண்டு. பேட்டரி 12 ஆனாலும் 14 ஆனாலும் முட்களுக்குச் சராசரியாக 10 வோல்ட், வேறு சில கார்களில் 5 வோல்ட் மட்டும் அது கொடுக்கும். பழைய சீராக்கிகள் விட்டு விட்டுத் துடிப்பவை, ஆகவே மல்டிமீட்டரில் எண் ஏறி இறங்குவது சரிதான். நிலையாக 12க்கு மேல் நின்றால் சீராக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அதன் எர்த் போயிருக்கிறது. இரண்டு முள்ளும் அதிகமாகக் காட்டும். எதுவும் வராவிட்டால் இரண்டும் கீழே கிடக்கும். எர்த் சற்று மோசமானால் என் காரில் நடந்ததுதான் நடக்கும்: டேஷ்போர்டு விளக்குகளின் மின்சாரமும் அதே எர்த்தில் நெரிபட்டு, மீட்டர் தொகுப்பின் தரைமட்டமே உயர்ந்துவிடும்.

எச்சரிக்கை விளக்குகள்

ஆயில் பிரஷர் விளக்கு சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும், என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சுவிட்சின் ஒயரைக் கழற்றி என்ஜினில் தொடுங்கள். எரிந்தால் சுவிட்ச் பழுது, எரியாவிட்டால் பல்போ ஒயரோ. இந்தச் சோதனை ஒற்றை ஒயர் சுவிட்சுக்கு மட்டும். ஓடும்போது விளக்கு எரிந்தால் சோதனைக்கு இடமில்லை. உடனே என்ஜினை நிறுத்துங்கள். ஆயில் அளவைப் பார்த்தபின், சுவிட்சின் இடத்தில் இயந்திர பிரஷர் கேஜைத் திருகி உண்மையான அழுத்தத்தை அளக்காமல் சுவிட்சின் மேல் பழிபோடக்கூடாது.

சார்ஜிங் விளக்கு பல பழைய கார்களில் ஒரு பாகமும்கூட. அதன் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்பு போனால் சார்ஜிங்கே தொடங்காமல் போகலாம். ஆகவே சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரியாதது, ஓடும்போது எரிவதைவிடக் குறைந்த கவலை அல்ல.

வேக முள்ளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கேபிள் வகை வேக முள் துடித்துத் துடித்து ஆடினால் கேபிளில் உயவு வற்றியிருக்கும். வேக முள் செத்து, அதோடு ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் சக்கர சென்சாரிலிருந்து தொடங்குங்கள்.

கணினி இயக்கும் மீட்டர் தொகுப்பு

இங்கே ஒயரை எர்த் செய்து பார்க்கும் வேலையே கூடாது. பாதையை நடுவில் வெட்டிப் பார்ப்பது போல் யோசியுங்கள். ஸ்கேனரைச் செருகி, என்ஜின் கணினி என்ன வெப்பநிலையைச் சொல்கிறது என்று பாருங்கள். அது சரியாக இருந்து முள் மட்டும் தவறு என்றால் சென்சாரும் அதன் ஒயரும் குற்றமற்றவை. ஸ்கேனரிலேயே தவறான எண் வந்தால் மீட்டரைத் தொடாதீர்கள், சென்சார் பக்கம் போங்கள். பல ஸ்கேனர்கள் முட்களை அசைத்துப் பார்க்கும் கட்டளை தரும். கட்டளைக்கு முள் முழுதாகச் சுழன்றால் மோட்டார் நலம், தகவல்தான் வந்து சேரவில்லை. பல கார்களில் வெப்ப முள் பல டிகிரி ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி நிரல் எழுதப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சிறிய மாற்றங்களை அறிய ஸ்கேனரின் எண்தான் சான்று.

எல்லா முட்களும் ஒன்றாக விழுந்து எழுந்தால், முதலில் தொகுப்புக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் வோல்ட்டேஜ் டிராப் முறையில் அளங்கள். அடுத்து கேன், அதாவது கணினிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை ஒயர்த் தகவல் இணைப்பு. பேட்டரியைக் கழற்றி, சற்று நேரம் விட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6ஆம், 14ஆம் முனைகளுக்கு இடையே ஓம் அளந்தால், அந்த முனைகளுக்குக் கேன் ஒயர்கள் நேராக வரும் கார்களில் 60 வர வேண்டும். இரு கோடியிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாகச் சேர்ந்த அளவு அது. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன.

வந்து வந்து போகும் கோளாறு

நிற்கும்போது சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் படுத்தும் கோளாறுக்குப் பொறுமைதான் முதல் கருவி. சந்தேகப்படும் சுற்றில் ஒரு சிறு பல்பை இணைத்து, ஒயரை நீட்டி, பக்கத்து இருக்கையில் இருப்பவர் பார்க்கும்படி ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். முள் விழும் கணத்தில் பல்பும் அணைந்தால் மின்சாரம் அறுகிறது. எரிந்துகொண்டே இருந்தால் வேறு பக்கம் தேடலாம். சூட்டில் வரும் கோளாறுக்குத் தலைமுடி உலர்த்தியால் கனெக்டர்களைச் சூடாக்கியும், மழையில் வரும் கோளாறுக்கு என்ஜின் அறையில் நீரைத் துளித்துளியாகத் தெளித்தும் பாருங்கள். மீட்டர் தொகுப்பைக் கழற்ற நேர்ந்தால் கனெக்டர் ஊசிகளின் பின்புறச் சால்டரை உருப்பெருக்கியில் பாருங்கள். ஊசியைச் சுற்றி மெல்லிய வட்டமாக விரிசல் தெரியும். டேஷ்போர்டைக் கையால் தட்டினால் முள் உயிர்பெறும் கார்களில் பெரும்பாலும் இதுதான்.

பழுது நீக்கியபின்

ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது பழுது நீக்கம் ஆகாது. சரியான அளவு கிரிம்ப் (நெரித்து இறுக்கும் உலோக இணைப்பு), அதன்மேல் சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். எர்த் போல்ட்டின் அடியில் பெயிண்டைச் சுரண்டி உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கியபின் வாசலின் பூசுங்கள்.

பிறகு கோளாறைக் கண்டுபிடித்த அதே அளவீட்டை, அதே சுமையை ஓடவிட்டு, அதே இரண்டு இடங்களில் மறுபடி எடுங்கள். என் காரில் 0.9 ஆக இருந்தது 0.04 ஆனது. அதைத் தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அன்றிரவு எல்லா விளக்குகளையும் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். வெப்ப முள் நடுவில் நின்றது, எரிபொருள் முள் மட்டும் ஓடிய தூரத்துக்கு ஏற்ப இறங்கியது.